இரவல் குதிரைக்காரர்

சேலம்,
20.2.2025

அன்புள்ள அத்தைக்கு, ஜெனிட்டாவின் தோத்திரம்.

போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறேனே என்று தப்பாக நினைக்க வேண்டாம். நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர்தான். அப்பா கேட்டு, அம்மா கேட்டு, மாடி வீட்டு அக்கா நலம் விசாரித்து, என் முறை வரும்போது எனக்கு “நல்லா இருக்கீங்களா அத்தை” மட்டும்தான் மிச்சமாகிறது. எழுதினால் கொஞ்சம் பேச வருகிறது. தொந்தரவாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் விமானம் ஏறி உங்கள் மடத்துக்குத் திரும்பிய பிறகு அங்கே குளிர் எப்படி இருக்கிறது? கால் வலி குறைந்ததா? இங்கே எல்லோரும் சுகம்.

போன வாரம் லூர்து மாதா திருவிழா நன்றாக நடந்தது. நீங்கள் கிளம்பும்போது நம் வீட்டு மாதா பாதத்தில் வைத்துவிட்டுப் போன காணிக்கையை அம்மா பத்திரமாகக் கொண்டுபோய்க் கோவிலில் சேர்த்துவிட்டார்கள். மாதா பாதத்தில் வைப்பதெல்லாம் திருவிழாவுக்குத்தானே. உள்ளங்கை நிறையும் அவ்வளவு பெரிய வெள்ளிக் காசை நான் பார்த்ததே இல்லை. குதிரைமேல் வீரர், குதிரைக் காலடியில் ஒரு நாகம் மாதிரி ஏதோ, பின்பக்கம் கட்டம் கட்டமாகக் கேடயம். அம்மா அவரைச் சந்தியாகப்பர் என்றார்கள். எனக்கென்னவோ ஜார்ஜியார் மாதிரி தெரிந்தது. சொல்லவில்லை.

பூசை முடிந்து காணிக்கை ஏலத்தில் ஆடு, சேவல், வெள்ளிக் கண், வெள்ளிக் கை எல்லாம் போன பிறகு கடைசியில் அந்தக் காசு வந்தது. வேண்டுதலுக்கு வந்திருந்த ரிக் வண்டிக்காரர் ஒருவர் எடுத்தார். வண்டியில் தொங்கவிட ஒரு வளையம் வைக்க முடியுமா என்று அவர் கேட்டதும், அப்பா தன் கொலுசுப் பட்டறைக்கே கூட்டிப்போய்ப் பற்றவைத்துக் கொடுத்தார். விளிம்பில் ஏற்கெனவே ஒரு தழும்பு இருந்ததாம். அதன்மேலேயே வைத்தாராம். அங்கே வைத்தால்தான் குதிரை நேராக நிற்கிறது என்று இரண்டு நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அது அப்புறம்.

உங்கள் செபத்தில் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெனிட்டா

*

14.3.2025

அன்புள்ள ஜெனிட்டா கண்ணுக்கு, ஞானமேரி அத்தை எழுதுவது. ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

உன் கடிதம் எனக்குத் தொந்தரவு இல்லை. இரண்டு முறை படித்தேன். திருவிழா நல்லபடியாக நடந்ததில் சந்தோஷம். அண்ணன் வளையம் வைத்த அழகையும் படித்தேன்.

இங்கே ஒரு துக்கம். எங்கள் மடம் நடத்தும் முதியோர் இல்லத்தில் நான் பார்த்துக்கொண்ட ஹெல்முட் ஐயா இந்த மாதம் முதல் வாரத்தில் இறந்துபோனார். பழைய நாணயம் சேர்ப்பவர். கை நடுங்கினாலும் குழி குழியாக இருக்கும் நாணயத் தட்டைத் தினம் எடுத்து ஒவ்வொரு காசையும் எனக்குக் காட்டுவார். அவருடைய மகள் உர்சுலா வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போனாள்.

எனக்கு இப்போது முதியவர்கள் இருக்கும் மாடியில் வேலை இல்லை. துணி வெளுக்கும் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். வெந்நீர் ஆவி காலுக்கு இதமாகத்தான் இருக்கிறது.

அந்தக் காசை எடுத்தவர் யார், எந்த ஊர் என்று தெரியுமா? சும்மாதான் கேட்கிறேன். போனில் இதைப் பேச வேண்டாம். மடத்துப் போன் கூடத்தில் இருக்கிறது, இங்கே தமிழ் தெரிந்த சிஸ்டர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

நீ என்னவோ கேட்க வேண்டும் என்றாயே, அது என்ன?

அத்தை

*

சேலம்,
2.4.2025

அன்புள்ள அத்தைக்கு, தோத்திரம். அம்மாவுக்கு இருமல் விட்டது. அப்பா சுகம். உங்கள் சுகம்தான் எனக்குப் புரியவில்லை.

இருபது வருடம் நர்ஸாக இருந்தவரைத் துணி வெளுக்க ஏன் போட்டார்கள்? “சும்மாதான் கேட்கிறேன்” என்ற வரியில் பேனா அழுந்தி, தாளின் பின்பக்கம் வரை தடம் தெரிகிறது. அத்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காசு நீங்கள் மாதாவுக்கு வைத்ததுதானா?

கோவில் அலுவலகத்துக்குப் போனேன். போகும் வழியில் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டு போய், அங்கே பாதியை மறந்துவிட்டேன். உபதேசியார் நல்லவர், தானாகவே சொன்னார். எடுத்தவர் பெயர் மாதையன். திருச்செங்கோட்டுக்குப் பக்கம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார்.

நான் எழுதிய ரயில்வே தேர்வு முடிவு வந்துவிட்டது. அதைப் பற்றி அப்புறம்.

ஜெனிட்டா

*

25.4.2025

ஜெனிட்டா கண்ணு, உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் நம் வீட்டில் இருக்கட்டும்.

நீ கேட்டுவிட்டாய். இனி மறைத்தால் பொய்யாகிவிடும்.

அது காணிக்கை இல்லை. இரவல். ஜனவரியில் நான் கிளம்பும்போது ஹெல்முட் ஐயா தட்டிலிருந்து அதை எடுத்து என் கையில் வைத்து, “பத்திரமாகப் போய்ப் பத்திரமாக இதைக் கொண்டுவந்து கொடு” என்றார். மான்ஸ்ஃபெல்ட் என்ற ஊர்ப் பிரபுக்கள் நானூறு வருடத்துக்கு முன்னால் அடித்த தாலர் என்ற வெள்ளிக் காசு அது. மேலே இருப்பவர், நீ நினைத்த மாதிரி, ஜார்ஜியார்தான். அந்தக் காலத்தில் சண்டைக்குப் போகிறவர்கள் அதைச் சட்டைக்குள் தொங்கவிட்டுக்கொள்வார்களாம், குண்டு படாது என்று.

திரும்ப வரும்போது மறக்கக் கூடாது என்றுதான் கண்ணில் படும்படி மாதா பாதத்தில் வைத்தேன். பெட்டி கட்டும் அவசரத்தில் மறந்துபோனேன். இங்கே வந்தபோது ஐயா ஆஸ்பத்திரியில் இருந்தார். நம் வீட்டில்தானே இருக்கிறது, அடுத்த முறை போனில் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. இரவல் கொடுத்தது வேறு யாருக்கும் தெரியாது.

உர்சுலா தட்டைத் திறந்தபோது ஒரு குழி காலி. அந்த அறைக்குள் தினம் போய்வந்தது நான் ஒருத்தி. அவள் நேராக என்னைச் சொல்லவில்லை. மதர் சுப்பீரியரும் சொல்லவில்லை. “விசாரித்து முடியும் வரை மாடிக்குப் போக வேண்டாம்” என்றார்கள். இந்தியாவில் இருக்கிறது, தருவித்துத் தருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நம்பினார்களா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். தன் கையாலேயே வளையம் வைத்தது என்று தெரிந்தால் சோறு இறங்காது அவனுக்கு. உங்கள் அம்மா மேலும் ஒரு தப்பும் இல்லை. நம் வீட்டு வழக்கம் தெரிந்தவள்தானே நான்.

முடிந்தால் பார். சாமிக்கென்று ஒருவர் எடுத்ததை வற்புறுத்திப் பிடுங்க வேண்டாம்.

அத்தை

*

சேலம்,
12.5.2025

அன்புள்ள அத்தைக்கு, தோத்திரம். வெயிலில் எல்லோரும் வாடியிருக்கிறோம், மற்றபடி சுகம்.

சிநேகிதி கல்யாணம் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் திருச்செங்கோடு பஸ் ஏறினேன். அந்த ஊரில் தெருவுக்குத் தெரு ரிக் வண்டி. மாதையன் வீடு என்று கேட்டால், எந்த மாதையன், எத்தனை ரிக் என்று திருப்பிக் கேட்கிறார்கள். ஒரு டீக்கடைக்காரர்தான் வழி காட்டினார்.

அவர் வீட்டில் இல்லை. மனைவி சௌந்திரம் அக்கா இருந்தார். வாசலில் நின்றுகொண்டு எனக்குச் சத்தமே எழும்பவில்லை. அவர் என்னைப் பார்த்து, “ஏனுங்க அம்மணி, கடன்காரியாட்ட நிக்கறீங்க, உள்ள வாங்க” என்று மோர் கொடுத்தார். ஏலத்தில் எடுத்த காசைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு உடனே முகம் மலர்ந்துவிட்டது. அது வந்ததிலிருந்து வண்டிக்கு ஒரு குறையும் இல்லையாம். வண்டி இப்போது சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் இருக்கிறது, காசும் அதோடுதான். அங்கே மழை பிடித்தால் துளை போடும் வேலை நின்றுவிடும், ஆனி மாதம் வீடு வந்துவிடுவார் என்றார். எதற்குக் கேட்கிறேன் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அப்படிச் சந்தோஷப்படுகிறவரிடம் எப்படிச் சொல்வது?

பிலாஸ்பூர் எப்படிப்பட்ட ஊர் என்று விசாரித்தேன். ரயிலில் இரண்டு ராத்திரி ஆகுமாம். குளிர்காலத்தில் நல்ல குளிராம். அரிசிச் சோறு கிடைக்குமாம்.

மழை வரட்டும் என்று நான் இப்போதெல்லாம் வேண்டிக்கொள்வது சத்தீஸ்கருக்காக.

ஜெனிட்டா

*

சேலம்,
10.7.2025

அன்புள்ள அத்தைக்கு, தோத்திரம்.

மே மாதம் எழுதியதற்குப் பதில் இல்லை. போனிலும் அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பதில் வராவிட்டாலும் இதை எழுதியே ஆக வேண்டும்.

மாதையன் அண்ணன் வந்துவிட்டார். சௌந்திரம் அக்காதான் போன் செய்தார். போனேன். வாசலை அடைத்துக்கொண்டு ரிக் நிற்கிறது, ஆட்கள் குழாய்களை இறக்கிக் கழுவுகிறார்கள். வண்டியின் முன்கண்ணாடிக்குள் முனியப்பன் படம், எலுமிச்சம்பழம், இரண்டுக்கும் நடுவில் நம் குதிரைக்காரர். தூசி படிந்திருந்தாலும் நேராகத்தான் நின்றார். அப்பா சொன்னது சரி.

அவர் உயரமான ஆள், பெரிய குரல். “இவரு எங்க முனியப்பனுக்குத் தம்பியாட்ட இருக்காருங்க, அதான் எடுத்தேன்” என்று சிரித்தார். ஒரு மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய், வண்டி மண்மேட்டில் முட்டி நின்றதாம். பத்துப் பேருக்கும் ஒரு கீறல் இல்லையாம். இதை அவர் சொல்லச் சொல்ல எனக்கு எழுந்து வந்துவிடலாம் என்று தோன்றியது. அப்போது துணி வெளுக்கும் அறையை நினைத்தேன்.

“அண்ணா, அது இரவல்ங்க” என்றேன். அவ்வளவுதான் வந்தது. பிறகு மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னேன். உங்களைப் பற்றி, இறந்துபோனவரைப் பற்றி, மாதா பாதத்தில் இருந்ததை அம்மா எடுத்துக் கொடுத்தது பற்றி. சௌந்திரம் அக்கா நடுவில் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

அவர் வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “இரவல்னு தெரிஞ்ச பொறவு வச்சிருந்தா, அது என்ர வண்டில உக்காராதுங்க. ஆடிப் பதினெட்டுக்குப் பள்ளிபாளையத்துல வண்டியக் கழுவிப் பூசை போடுவோம். அது முடியட்டும். அன்னைக்கு வாங்க, தாரேன்.”

ஏலத்தில் அவர் கொடுத்ததைத் திருப்பித் தருகிறேன் என்றேன். “அது மாதாவுக்குக் குடுத்ததுங்க, அதை வாங்க நீங்க ஆரு?” என்று ஒரு அதட்டல். சௌந்திரம் அக்கா சிரித்துவிட்டார்.

கிளம்பும்போது பிலாஸ்பூரில் பெண்கள் தனியாகத் தங்கி வேலை பார்க்கிறார்களா என்று அண்ணனிடம் கேட்டேன். எத்தனையோ பேர் பார்க்கிறார்கள் என்றார்.

அத்தை, வளையம் இருப்பது பரவாயில்லையா? எடுத்துவிட வேண்டுமா? சீக்கிரம் எழுதுங்கள்.

ஜெனிட்டா

*

24.7.2025

ஜெனிட்டா கண்ணு, உனக்கு ஆண்டவர் நீண்ட ஆயுள் தரட்டும்.

மே மாதக் கடிதம் கிடைத்தது. பதில் எழுத உட்கார்ந்தால் அழுகை வந்தது, அழுதுகொண்டு எழுதக் கூடாது என்று வைத்துவிட்டேன். என்னை வேறு ஊர் மடத்துக்கு அனுப்பப் பேச்சு நடந்தது. போனால் பழி என்னோடே வந்து தங்கிவிடும். செப்டம்பர் வரை பொறுங்கள் என்று மதரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

உன் ஜூலைக் கடிதத்தைப் படித்துவிட்டுத் துணி அறையிலேயே முழங்கால் போட்டேன். கூட இருந்த பெண் நான் விழுந்துவிட்டதாக நினைத்து ஓடிவந்தாள்.

உர்சுலாவிடம் முழு விஷயத்தையும் சொல்லிவிட்டேன், வளையத்தைத் தவிர. “வரட்டும், பார்க்கலாம்” என்றாள். நாணயம் சேர்க்கிறவர்கள் துடைத்தாலே கோபிப்பார்கள், கண்ணு. அழுக்கோடு அழுக்காக இருக்க வேண்டும் அவர்களுக்கு. வளையத்தைப் பார்த்தால் என்ன சொல்வாளோ. அண்ணனுக்குத் தெரியாமல் வேறு யாரிடமாவது கொடுத்து எடுக்க முடிந்தால் எடுத்துவிடு. நம் ஊர் ஜெர்ரி சாமியார் இங்கே பக்கத்துப் பங்கில் இருக்கிறார். இப்போது லீவில் சேலம் வந்திருக்கிறார், ஆகஸ்ட் பத்தாம் தேதி திரும்புகிறார். அவர் கையில் கொடு.

அது சரி, பிலாஸ்பூரைப் பற்றி ஏன் இவ்வளவு விசாரிக்கிறாய்?

அத்தை

*

சேலம்,
6.8.2025

அன்புள்ள அத்தைக்கு, தோத்திரம். இந்தக் கடிதத்தை ஜெர்ரி சாமியாரே கொண்டுவருகிறார். கூட இருக்கும் ரோஸ் காகிதப் பொட்டலத்தை முதலில் பிரித்துப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை பார்த்துவிட்டுப் பள்ளிபாளையம் போனேன். காவிரியில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர். ரிக்குக்கு மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினார்கள். மாதையன் அண்ணன் குதிரைக்காரரைக் கழற்றி, ஆற்றுத் தண்ணீரில் நனைத்தார். அதற்கு மேல் தேய்க்க வேண்டாம் என்று நான் கத்திவிட்டேன். நான் கத்தியதை நானே அன்றுதான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே என் கையில் வைத்து, “உங்கத்தைகிட்ட சொல்லுங்க, இந்த வருசம் இவரு சும்மா இருக்கலீங்க, வேலை பாத்தாருன்னு” என்றார்.

வளையத்தை எடுக்க வேறு பட்டறைக்குப் போகத்தான் நினைத்தேன். ஆனால் எந்தப் பட்டறைக்குப் போனாலும் அப்பாவின் வேலை என்று பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். அதனால் அப்பாவிடமே சொல்லிவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்றதை மீறியதற்கு மன்னியுங்கள்.

அம்மா அடுப்படியில் அழுதார்கள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு காசை விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “எடுக்கலாம். ஆனா மறுபடி நெருப்புக் காட்டினா குதிரைக்காரர் மூஞ்சி மழுங்கிரும். நான் எடுக்க மாட்டேன். நான் செஞ்ச தப்புன்னு தங்கச்சிகிட்ட எழுது. அந்தம்மா திட்டுனா என்னைத் திட்டட்டும்” என்றார். பொட்டலம் மடித்துக் கொடுத்தது அவர்தான்.

வளையத்தோடு அனுப்புகிறோம். எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஜெனிட்டா

*

14.9.2025

ஜெனிட்டா கண்ணுக்கும், அண்ணனுக்கும், அண்ணிக்கும் ஞானமேரியின் வாழ்த்து. இந்தக் கடிதத்தை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு.

ஜெர்ரி சாமியார் பொட்டலத்தைத் தந்த மறுநாள் மதரும் நானும் உர்சுலா வீட்டுக்குப் போனோம். ரோஸ் காகிதத்தைப் பிரித்தாள். வளையத்தைப் பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு உள்ளே போனாள். போனவள் வரவில்லை. மதர் செபமாலையை எடுத்துவிட்டார்கள்.

ஒரு போட்டோவோடு வந்தாள். ரயில் நிலையத்தில் ஒரு சின்னப் பையன், கழுத்தில் கயிறு, கயிற்றில் வளையம், வளையத்தில் இதே குதிரைக்காரர். ஹெல்முட் ஐயாதான். இரண்டாம் உலகச் சண்டை முடிகிற சமயம், கிழக்கேயிருந்து எல்லோரும் ஊரை விட்டுக் கிளம்பியபோது அவருடைய அம்மா கட்டிவிட்டாராம். பெரியவனாகி நாணயம் சேர்க்க ஆரம்பித்ததும், தட்டில் உட்கார வேண்டும் என்று அவரே வளையத்தை அறுத்து அரம் போட்டுவிட்டார். பிறகு வாழ்நாள் முழுவதும் அதற்காக வருத்தப்பட்டாராம். அண்ணன் கண்டுபிடித்த தழும்பு அதுதான்.

“பள்ளிக்கூடத்தில் எங்கே கூட்டிப்போனாலும் அப்பா இதை என் பையில் போட்டுவிடுவார், திரும்பி வந்ததும் கேட்டு வாங்கிக்கொள்வார். நான்தான் மறந்துபோனேன், சிஸ்டர். உங்களுக்கும் கொடுத்தார் என்றால் உங்களை மகளாக நினைத்திருக்கிறார்” என்றாள். மதருக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து நான் மறுபடி மாடியில். முதல் நாள் படியேறியபோது மூச்சு வாங்கியது, ஆனால் கால் வலிக்கவில்லை.

வளையத்தோடு அது தட்டின் குழியில் உட்காரவில்லை. உர்சுலா இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சமையலறை ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறாள். நான் கிளம்பும்போது, அடுத்து யார் பயணம் போகிறீர்கள் என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன்.

டிசம்பரில் எங்கள் சிஸ்டர் ஒருவர் திருச்சிக்கு வருகிறார். உங்களுக்கு ஏதாவது வேண்டுமானால் எழுது.

அத்தை

*

சேலம்,
5.10.2025

அன்புள்ள அத்தைக்கு, வீட்டில் எல்லோருடைய தோத்திரமும்.

சத்தமாகத்தான் படித்தேன். தழும்பு வந்த இடத்தில் அப்பா மறுபடி படி என்றார். மூன்றாவது முறை படிக்கும்போது மாடி வீட்டு அக்காவையும் கூப்பிட்டுவிட்டார். அம்மா இப்போது ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள்: மாதா பாதத்தில் யார் எதை வைத்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வைக்க வேண்டும். நேற்று அப்பா அங்கே மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டு, “காணிக்கை இல்லை” என்று அடுப்படி வரை கேட்கும்படி சொன்னார்.

மாதையன் அண்ணனுக்கும் சொல்லிவிட்டேன். ஜன்னலில் தொங்குகிறதா, காற்றாவது வருகிறதே என்றார்.

பிப்ரவரியில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். ரயில்வே தேர்வைப் பிலாஸ்பூர் பக்கத்துக்கு எழுதியிருந்தேன், அங்கே போட்டி குறைவு என்று சொன்னார்கள். தேறிவிட்டேன். அவ்வளவு தூரம் அப்பா என்னை அனுப்ப மாட்டார், அதனால் நீங்கள் அவரிடம் பேச வேண்டும் என்று கேட்கத்தான் இருந்தேன். அது இனி வேண்டாம். போன வாரம் வேலை உத்தரவு வந்தது, நானே சொல்லிவிட்டேன். அப்பா அன்று முழுக்கப் பட்டறையிலேயே இருந்துவிட்டார். மறுநாள், “அந்த ரிக் வண்டிக்காரர் அந்தப் பக்கம்தானே இருப்பார்?” என்று கேட்டு, அவர் நம்பரை வாங்கித் தன் போனில் ஏற்றிக்கொண்டார். அவர்கள் இருவரும் பேசியதை நான் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போடாமல் அப்பா பேசியது அது ஒன்றுதான். முடிந்ததும் எனக்குப் பெட்டி வாங்கக் கடைக்குக் கூட்டிப்போனார்.

ஜனவரி ஐந்தாம் தேதி ரயில். இரண்டு ராத்திரிப் பயணம்.

அத்தை, உர்சுலா அம்மாவிடம் நீங்கள் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். அதை மாற்றிச் சொல்ல முடியுமா? டிசம்பரில் வருகிற சிஸ்டர் கையில் குதிரைக்காரரை எனக்கு இரவல் கொடுத்தனுப்பக் கேளுங்கள். பத்திரமாகப் போய், பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறேன்.

ஜெனிட்டா